வருடத்துக்கு ஒன்றரை மணி நேர வேலைக்கு ஓர் எந்திரம்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நடக்க வரும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ரிட்டயர் ஆகி எட்டு மாதம். போன வருடம்தான் ரேஞ்சுக்குச் சுட வர ஆரம்பித்தார், அதுவும் என்னோடு தொற்றிக்கொண்டு.

"அண்ணா, சுட்ட காலிக்கூடு ஒரு சாக்கு சேர்ந்து போச்சுங்க. நாமளே வீட்ல நெறச்சுக்கலாம்னு பாக்கறேன். ஒரு ப்ரோக்ரெசிவ் பிரஸ் ஆர்டர் போடப் போறேன். மணிக்கு எண்ணூறு தோட்டா வருமாமுங்க."

"வேண்டாம்" என்றேன்.

"ஏனுங்கண்ணா? நீங்களே ஒண்ணு வெச்சிருக்கீங்களே!"

வைத்திருக்கிறேன். கராஜில் பழைய போர்வை போர்த்தி நிற்கிறது. அது இருப்பதால்தான் வேண்டாம் என்றேன். போனில் முழுதும் சொல்ல முடியவில்லை, அவர் வீட்டு வாசலில் யாரோ வந்துவிட்டார்கள். இவரைப் போல இன்னும் இரண்டு பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால், ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன். பாதிக் கோபம் விற்பவர்கள் மேல், பாதி என் மேல்.

துப்பாக்கி என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சுடுவது காகிதத்தில் அச்சடித்த கறுப்பு வட்டத்தை. ஒரு உயிரைச் சுட்டதில்லை. சான் அன்டோனியோ பக்கம் நாற்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு இந்த ஊர்ப் பழக்கத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். சிலருக்கு கோல்ஃப்.

தெரியாதவர்களுக்காக விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு தோட்டாவில் நான்கு சாமான்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி விடும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் அப்படியே இருக்கும். விலை அதிகமான சாமானும் அதுதான். அதைக் கழுவி, பழைய அளவுக்கு அமுக்கி, புதுப் பிரைமர் வைத்து, மருந்து அளந்து போட்டு, குண்டைப் பொருத்தினால் மறுபடி தோட்டா. சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள அமெரிக்க மத்தியச் சட்டத்தில் லைசென்ஸ் தேவையில்லை. விற்பதென்றால் தயாரிப்பாளர் லைசென்ஸ் வேண்டும்.

இதைச் செய்ய இரண்டு வழி. சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் என்றால் ஒரு நேரத்தில் ஒரு டை, ஒரு வேலை. ஐம்பது கூட்டை எடுத்து, ஐம்பதையும் முதலில் அமுக்கி பழைய பிரைமரைத் தள்ளுவீர்கள். பிறகு ஐம்பதுக்கும் புதுப் பிரைமர். பிறகு ஐம்பதின் வாயையும் கொஞ்சம் விரித்து, மரப்பலகையில் துளை போட்ட தட்டில் வரிசையாக நிறுத்தி மருந்து. அதன்பின் குண்டு. மெதுவான வேலை. மணிக்கு ஐம்பது, பழகினால் அதற்கு மேல் கொஞ்சம்.

ப்ரோக்ரெசிவ் பிரஸ்ஸில் நான்கைந்து டைகள் வட்டமாக நிற்கும். கீழே சுற்றும் தட்டில் நான்கைந்து கூடுகள். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒன்றில் பிரைமர் வெளியே, ஒன்றில் மருந்து, ஒன்றில் குண்டு, ஒன்றில் கடைசி இறுக்கம், எல்லாம் ஒரே இழுப்பில். இழுக்க இழுக்கத் தோட்டா ஒன்று தொட்டியில் விழும். விளம்பரங்களில் நானூறு, அறுநூறு, எண்ணூறு என்று மணிக்கணக்குப் போடுகிறார்கள். பொய் இல்லை. இழுத்தால் வரும்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. எண்ணூறு யாருக்கு வேண்டும்?

நண்பரே, நீங்கள் மாதம் எத்தனை சுடுகிறீர்கள்? நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேனே, இரண்டு பெட்டி. நூறு. வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு. மணிக்கு எண்ணூறு தரும் எந்திரம் அதை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். அதாவது வருடத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடுவதற்காக, தட்டு, டை, கூடு ஊட்டும் குழாய், பிரைமர் குழாய் எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலரைத் தாண்டும் ஒரு சாமானை வாங்கப் போகிறீர்கள். மீதி 8,758 மணி நேரமும் அது சும்மா நிற்கும். நமக்கு இன்றைக்கு இல்லாத சாமான் நேரமா? காலை ஐந்தரைக்கு எழுந்து, மத்தியானம் என்ன செய்வதென்று தெரியாமல் வாட்ஸ்அப்பில் பத்து வருடப் பழைய செய்தியை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் நாம். நம்மிடம் வேகத்தை விற்கிறான் பாருங்கள், அவன் கெட்டிக்காரன்.

வாரத்துக்கு ஐந்நூறு சுடுகிற போட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஓடி ஓடிச் சுடுவது, நேரம் பார்ப்பது. அவர்களுக்கு ப்ரோக்ரெசிவ் இல்லாமல் ஆகாது. அரிசோனாவில் மைக் டில்லன் தன் பெயரில் பிரஸ் செய்யத் தொடங்கியதும், அது அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சேர்ந்ததும் காரணத்தோடுதான். எந்திரம் நல்ல எந்திரம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டை வேலை தெரிந்தவன் எவனும் சொல்ல மாட்டான்.

அந்த டை வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்ததே அதனால்தான். 1971-ல் பீளமேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். அங்கே ப்ரோக்ரெசிவ் டை என்று ஒன்று வந்தபோது வேடிக்கை பார்க்கப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்தார்கள். ஒரு பக்கம் தகட்டுச் சுருள் உள்ளே போகும். முதல் இடத்தில் துளை, அடுத்ததில் வெட்டு, அடுத்ததில் வளைப்பு, கடைசியில் முழுச் சாமான் விழும். ஒவ்வொரு அடிக்கும் ஒன்று. அதே தத்துவம்தான் இந்தத் தோட்டா பிரஸ்ஸும். ஆகவே 2015-ல் ரிட்டயர் ஆனதும் எனக்கு நானே பரிசு கொடுத்துக்கொண்டேன். அதுவரை கையாண்டது, 1988-ல் இங்கே என்னோடு வேலை பார்த்த ஒரு ஜெர்மன் வம்சத்துக் கிழவர் கற்றுக்கொடுத்த ஒற்றை டை பிரஸ். ராக் சக்கர் என்று பெயர். பெயரே வேடிக்கை. ராக் சக் என்பது இந்த நாட்டு மலைப்பக்கம் வாழும் அணில் சாதிப் பிராணி. அதை வேட்டையாடக் குண்டு செய்ய ஒருவர் 1943-ல் டை செய்தார், அந்தக் கம்பெனிக்கே அந்தப் பெயரின் எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. ஆர்.சி.பி.எஸ். என்று இன்றைக்கும் பச்சைப் பெயின்ட்டில் வருகிறது.

பீளமேட்டில் ஒன்று பார்த்திருந்தேன். அதை இங்கே மறந்துவிட்டேன். ப்ரோக்ரெசிவ் டை ஒழுங்காக ஓடும்போது தப்பு செய்யாது. நின்று மறுபடி கிளம்பும்போதுதான் செய்யும். தகடு சிக்கிக்கொள்ளும், நிறுத்துவோம், இழுத்துவிடுவோம், மறுபடி போடுவோம். அந்த முதல் இரண்டு அடியில்தான் பஞ்ச் உடையும். அதனால் எங்கள் ஃபோர்மேன் ஒரு சட்டம் வைத்திருந்தார். நின்றால், டைக்குள் இருக்கும் தகடு முழுவதையும் வெட்டிக் கழிவில் போடு, புதிதாக ஆரம்பி. "தகடு கிலோ என்ன விலை, பஞ்ச் என்ன விலை தம்பி?" என்பார். அவருக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. வேறு பிரஸ்ஸில் போனது. எங்களுக்கு அவர் பாடம் நடத்தியதில்லை, அந்தக் கையால் டீ கிளாசைப் பிடிப்பார், அதுவே போதும்.

2016 மே மாதம். .38 ஸ்பெஷல் ரிவால்வருக்காக நானூறு தோட்டா ஒரு மத்தியானத்தில் முடித்தேன். அவ்வளவு சந்தோஷம். நடுவில் ஒருமுறை பிரைமர் சரியாக இறங்காமல் கைப்பிடி பாதியில் நின்றது. தட்டில் இருந்த கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சிக்கலை எடுத்துவிட்டு, கூடுகளை மறுபடி வைத்தேன். வீட்டில் காபி என்று கூப்பிட்டார்கள். குடித்துவிட்டு வந்தேன். தட்டை எங்கே விட்டேன் என்று பார்த்து ஒரு இடம் கையால் சுற்றினேன், மேலே இழுத்தேன். ஃபோர்மேன் இருந்திருந்தால் "தட்டைக் காலி பண்ணு" என்றிருப்பார். இருந்தது நான்கு கூடு. நான்கையும் கழித்துப் போட்டிருந்தால் நஷ்டம் ஒரு டாலர்கூட ஆகியிருக்காது.

இரண்டு வாரம் கழித்து மகளும் மாப்பிள்ளையும் டல்லாஸிலிருந்து வந்தார்கள். ரேஞ்சுக்குப் போனோம். ரிவால்வரை மகள் கேட்டாள். சின்ன வயதில் அவளுக்குச் சுடக் கற்றுக்கொடுத்ததே அதில்தான். நிதானமாகச் சுட்டாள். மூன்றாவதோ நான்காவதோ, "டமார்" என்று வரவேண்டிய இடத்தில் "பொத்" என்றது. தலையணையில் குத்தினது போல. காதில் மூடி மாட்டியிருக்கிறோம், பக்கத்து வரிசையில் ஒருவன் ரைஃபிள் வெடிக்கிறான், எனக்கு அது தெரியவே இல்லை. அவளும் அடுத்ததற்கு விரலை இழுக்கத் தொடங்கிவிட்டாள். ரிவால்வர் பாருங்கள், எதையும் கழட்ட வேண்டாம், இழுத்தால் அடுத்த தோட்டா தானாகச் சுற்றி வந்து நிற்கும். பின்னால் நின்ற ரேஞ்ச் அதிகாரி ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவள் அப்படியே நின்றாள். "அப்பா, நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

அவள் ஒன்றும் பண்ணவில்லை. குழலைப் பார்த்தோம். நான்கு அங்குலக் குழலில் பாதி தூரத்தில் குண்டு நின்றது. கூட்டில் மருந்தே இல்லை. பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் தள்ளி அடைத்து வைத்துவிட்டது. அடுத்த தோட்டா வெடித்திருந்தால் அதன் குண்டு போக வழி இல்லை. .38 ஸ்பெஷலுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. நம் கார் டயரில் முப்பத்திரண்டு. அடைத்த குழலில் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், டை எஃகு வெடித்துப் பார்த்தவன் நான். மகளின் முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் இருந்தது அந்தக் குழல்.

அன்று இரவு மிச்சத் தோட்டாக்களை உடைத்தேன். அதற்கென்று சுத்தியல் போல ஒன்று இருக்கிறது, தலைக்குள் தோட்டாவைச் செருகித் தரையில் தட்டினால் குண்டு கழன்று மருந்து கொட்டும். இரண்டு இரவு தட்டினேன். ஒவ்வொன்றின் மருந்தையும் தராசில் வைத்தேன். எல்லாம் சரி. அத்தனையும் சரி! நானூற்றில் ஒன்றே ஒன்று தப்பு, அது என் மகள் கையில் வந்தது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "பத்துக்கு ஒன்று எடுத்து எடை போட்டுப் பார்க்கலாமே." போட்டேனே! நாற்பது எடை போட்டேன், நாற்பதும் சரி. பத்துக்கு ஒன்று பார்ப்பது, அளவு மெல்ல மெல்ல நகர்கிறதா என்று பிடிப்பதற்கு. திடீரென்று ஒன்று மட்டும் தப்பினால் அது பிடிக்காது. தரக்கட்டுப்பாட்டில் முப்பது வருடம் இருந்துவிட்டு இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் வெட்கம். நானூறு வாஷரில் ஒன்று கோணல் என்றால் நாங்கள் அந்தப் பெட்டியைச் சிரித்துக்கொண்டே அனுப்பி வைப்போம். தோட்டாவில் அந்த ஒன்று மொத்தப் பெட்டிக்குச் சமம்.

"சரி, முடித்த தோட்டாவை எடை போட்டால்?" அதுவும் நடக்காது. இங்கே எடை கிரெயினில். ஒரு பவுண்டுக்கு ஏழாயிரம் கிரெயின். ஒரு கிரெயின் நம் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. நீங்கள் சுடும் 9 எம்.எம். துப்பாக்கியின் 124 கிரெயின் குண்டு சரியாக ஒரு பவுன், எட்டு கிராம். (இதை முதலில் கணக்குப் போட்டபோது எங்கள் வீட்டு அம்மாவிடம் சொன்னேன். "அப்ப மாசம் நூறு பவுனைச் சுட்டுத் தள்றீங்க" என்றாள்.) .38-க்கு வழக்கமான 158 கிரெயின் ஈயக்குண்டு ஒன்றே கால் பவுனுக்குச் சற்று மேல். உள்ளே போகும் மருந்தோ சில கிரெயின்தான். கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு இருக்கும் வித்தியாசமே அந்த மருந்தின் எடையை விழுங்கிவிடும். ஆளைத் தராசில் ஏற்றி அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று கண்டுபிடிக்கிற கதை.

பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸின் மொத்தப் பெருமையும் இங்கேதான் இருக்கிறது. ஐம்பது கூடும் தட்டில் வாய் திறந்து நிற்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்ப்பீர்கள். ஒன்றில் இல்லையென்றால் பக்கத்தில் ஒன்பது அதைக் காட்டிக்கொடுக்கும். ஒன்றில் இரண்டு முறை போட்டிருந்தாலும் அப்படியே. கண்ணுக்கு ஒப்பிடத் தெரியும். தனியாக ஒன்றைப் பார்த்து அளக்கத் தெரியாது. ப்ரோக்ரெசிவில் ஒரு கூடு உங்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு விநாடி, இரண்டு விநாடி. அந்த விநாடியில் உங்கள் இடது கை குண்டை வைக்கிறது, வலது கை இழுக்கத் தயாராகிறது, மனது அடுத்த பிரைமரில் இருக்கிறது. எழுபது வயதில், கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணோடு.

.38 இன்னொரு விதத்திலும் சதிகாரக் கூடு. 1898 வாக்கில் பழைய கறுப்பு மருந்துக் காலத்துக் கொள்ளளவில் செய்தது. இன்றைய மருந்து கொஞ்சம்தான் வேண்டும், கூட்டின் அடியில் கிடக்கும். இரண்டு முறை விழுந்தாலும் வழியாது. அதனால் தெரிந்தவர்கள் சொல்வார்கள், இரண்டு தடவை போட்டால் வெளியே கொட்டுகிற மாதிரி பருமனான மருந்தாகத் தேர்ந்தெடு என்று. நல்ல யோசனை. நான் தேர்ந்தெடுத்திருந்தேனா என்றால், இல்லை. சிக்கனம் பார்த்தேன்.

சிக்கனம் என்றதும் அடுத்த பொய்யையும் உடைத்துவிடுகிறேன். "சேமிப்பு." வீட்டில் நிரப்பினால் ஒரு தோட்டாவுக்குச் செலவு குறையும், உண்மை. ஆனால் இந்தப் பொழுதுபோக்குக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களே சிரிப்பார்கள்: செலவு குறையாது, அதே பணத்துக்கு அதிகம் சுடுவாய். ஆயிரம் டாலர் எந்திரத்தின் காசு திரும்பி வர நீங்கள் பல வருடம் இழுக்க வேண்டும். 2020-ல் கொரோனா வந்தபோது பிரைமரே கடையில் இல்லை. எண்ணூறு தோட்டா தரும் எந்திரம் அத்தனை பேர் கராஜிலும் வாய் பிளந்து நின்றது.

"அண்ணா, அதுல பவுடர் செக் இருக்குங்க, மருந்து இல்லேன்னா மணி அடிக்குமுங்க" என்று நண்பர் போன் வைக்கும் முன் சொன்னார். இருக்கிறது. மணி அடிப்பதும் உண்டு, கைப்பிடியையே நிறுத்திவிடுவதும் உண்டு. வாங்கினால் அதையும் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் அது பார்ப்பது மருந்தின் உயரத்தை. ஒரேயடியாக இல்லை, அல்லது இரண்டு மடங்கு என்றால் சொல்லும், கொஞ்சம் கூடுதல் குறைச்சலைச் சொல்லாது. அதற்கு ஓர் இடம் வேண்டும், நான்கு இடம் உள்ள பிரஸ்ஸில் அது வேறொரு வேலையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், மணி இருக்கிறது என்று தெரிந்த கை, கண்ணை வேலைக்கு அனுப்பாது. பீளமேட்டில் லிமிட் சுவிட்ச் வந்தபிறகு டை உடைவது நிற்கவில்லை. உடைந்ததும் "சுவிட்ச் என்ன ஆச்சு?" என்று கேட்க ஆரம்பித்தோம்.

எங்கள் பெரியப்பா சத்தியமங்கலம் பக்கம் காட்டோரத்தில் விவசாயம் செய்தார். பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று உண்டு, குழல் வாய்வழியே மருந்து கெட்டிப்பது. கெட்டிக்கும் கம்பியில் கத்தியால் இரண்டு கீறல் போட்டிருந்தார். காலிக் குழலில் கம்பியை விட்டால் ஒரு கீறல் வாயில் நிற்கும், கெட்டித்த குழலில் மற்றது நிற்கும். துப்பாக்கியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் கம்பியை விட்டுப் பார்ப்பார். அவர் கெட்டித்தது அவருக்கு ஞாபகம் இருக்கும், ஆனாலும் பார்ப்பார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863-ல் கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகளில் ஆயிரக்கணக்கானவை ஒன்றுக்கு மேல் மருந்து கெட்டித்துக் கிடந்தன என்று குறிப்பு இருக்கிறது. ஒன்றில் இருபத்து மூன்று தடவை என்று சொல்வார்கள். சுற்றிலும் சத்தம், அவசரம், சுட்டோமா இல்லையா என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அது போர். நமக்கு என்ன அவசரம்?

இவ்வளவு சொன்னபிறகும் நண்பர் வாங்குவார் என்று தெரியும். கொங்கு நாட்டு ஆள், ஒரு எந்திரத்தைப் பார்த்து ஆசை வந்துவிட்டால் அடக்க முடியாது, நானும் அதே மண். அப்படியானால் கேளுங்கள். தட்டு தானாகச் சுற்றும் மாடல் வேண்டாம். கையால் சுற்றும் நான்கு இட மாடல் போதும். அதில் சுற்ற மறந்தால் ஒரே கூட்டில் மருந்து இரண்டு முறை விழும், அதுவும் அபாயம்தான். ஆனால் உங்கள் கை சுற்றாமல் எதுவும் நகராது, என்ன நடக்கிறது என்று தெரியும். முதல் ஐந்நூறு தோட்டாவுக்குத் தட்டில் ஒரே ஒரு கூடு வையுங்கள். அது எல்லா இடமும் சுற்றி வெளியே வந்தபிறகு அடுத்தது. எந்திரத்தின் வேகமெல்லாம் வீணாகிறதே என்பீர்கள். ஆமாம், வீணாகட்டும்.

கூட்டுக்குள் நேராக வெளிச்சம் விழும்படி ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு பிரஸ்ஸிலேயே ஒட்டுங்கள். குண்டை வைக்கும் முன் உள்ளே பார்த்தேன் என்று மனதில் அல்ல, வாயால் சொல்லுங்கள். நான் இப்போது "இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டேதான் செய்கிறேன். பேரன் கிண்டல் செய்கிறான். மேஜையில் ஒரு மருந்து டப்பா மட்டும். டி.வி. கிடையாது, போன் கிடையாது, கூப்பிட்டால் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழ வேண்டும். கைப்பிடி சிக்கினால் பலம் கொடுக்காதீர்கள். குழாயில் நூறு பிரைமர் வரிசையாக நிற்கிறது, ஒன்று வெடித்தால் மற்றதும் கூடவே போகலாம். அதனால் கண்ணாடி போடாமல் உட்காரக் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பிரைமர் புகைக்கரியில் ஈயம் இருக்கிறது. அந்தக் கையோடு முறுக்கு டப்பாவைத் திறக்க வேண்டாம்.

இன்னொன்று, சம்பந்தம் உள்ளதால் சொல்கிறேன். டிசம்பரில் ஊருக்குப் போகிறீர்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை விமானத்துக்கு எடுக்காதீர்கள். மூலையில் ஒரு தோட்டா கிடந்தால் சென்னையிலோ கோவையிலோ ஆயுதச் சட்டத்தில் வழக்கு. காலிக்கூடு என்றாலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். நம் ஊரில் தோட்டா செய்ய 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும்; வீட்டு மேஜையில் செய்கிறேன் என்று மாமா மச்சானிடம் பெருமை பேசினால் அவர்கள் முகம் போகிற போக்கு வேறு.

என் ராக் சக்கர் சும்மாதான் இருக்கிறது. இரவல் தருகிறேன், எத்தனை வருடம் வேண்டுமானாலும். சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் உங்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். உங்கள் .45 கூடுகளில் பெரிய பிரைமர் துளையும் சின்னத் துளையும் கலந்திருக்கும், பிரிக்கவே இருவருக்கும் ஒரு மத்தியானம் ஆகும். அந்தக் குழலில் சிக்கிய குண்டைப் பித்தளைக் கம்பியால் தட்டி எடுத்தது ஜன்னல் ஓரம் பழைய மாத்திரைச் சீசாவில் இருக்கிறது. அதையும் பாருங்கள். மகள் இன்னும் சுட வருகிறாள், ஆனால் கடைத் தோட்டா வாங்கிக்கொண்டு.